பயாஸ் அப்டேட்: கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

கம்ப்யூட்டரின் பவர் பட்டனை அழுத்தியவுடன் முதலில் இயங்கத் தொடங்குவது விண்டோஸ் அல்ல, பயாஸ். மெமரி, கீபோர்டு, டிஸ்க் எல்லாம் சரியாக உள்ளனவா எனச் சோதித்து, பின்னர் விண்டோஸைத் தேடி எடுத்து அதனிடம் பொறுப்பை ஒப்படைப்பது இதன் வேலை. இந்த புரோகிராம் ஹார்ட் டிஸ்க்கில் இல்லை. மதர்போர்டில் உள்ள சிறிய பிளாஷ் சிப் ஒன்றில் பதியப்பட்டிருக்கிறது. இப்படிச் சிப்பில் பதித்துத் தரப்படும் புரோகிராமை பர்ம்வேர் என்கிறோம். இன்றைய கம்ப்யூட்டர்களில் இருப்பது யு.இ.எப்.ஐ. எனப்படும் புதிய வகை. ஆனாலும் பழக்கத்தில் எல்லாரும் பயாஸ் என்றே அழைக்கின்றனர்.

சில கம்ப்யூட்டர்களை ஆன் செய்கையில் அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் என்ற பெயர் திரையில் தோன்றும். பயாஸ் எழுதித் தரும் இந்த நிறுவனத்தை 1985-ல் அமெரிக்காவில் தொடங்கியவர்கள் சுப்பிரமணியன் சங்கரும் பாட் சர்மாவும். நம் சென்னையிலும் இதற்கு அலுவலகம் உண்டு.

என்ன ஆபத்து?

அப்டேட் செய்கையில் சிப்பில் உள்ள பழைய பயாஸ் அழிக்கப்பட்டு, புதியது எழுதப்படுகிறது. பாதியில் கரண்ட் போனால் பழையதும் இருக்காது, புதியதும் முழுமையாக இருக்காது. அடுத்த முறை ஆன் செய்தால் பேன் சுற்றும். திரையில் எதுவும் வராது. விண்டோஸை மீண்டும் இன்ஸ்டால் செய்யலாம் என்றால், அதைத் தொடங்கி வைக்கவே பயாஸ் வேண்டுமே!

பயாஸ் கெட்டால் என்ன ஆகும் என்பதை 1999 ஏப்ரல் 26 அன்று உலகம் பார்த்தது. தைவானில் எழுதப்பட்ட சி.ஐ.எச். வைரஸ் (செர்னோபில் வைரஸ் என்றும் பெயர்) அன்று செயல்பட்டு, ஹார்ட் டிஸ்க்கை அழித்ததுடன், சில மதர்போர்டுகளின் பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதியது. அந்தக் கம்ப்யூட்டர்கள் ஆன் ஆகவே இல்லை.

எப்போது செய்ய வேண்டும்?

கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது, தயாரித்த நிறுவனமும் அவசரம் என்று எதுவும் சொல்லவில்லை என்றால், புது வெர்ஷன் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் இதில் கை வைக்க வேண்டாம். பாதுகாப்புக் குறை சரி செய்யப்பட்டிருந்தாலோ, புதிய பிராசசர் போட வேண்டியிருந்தாலோ, சிஸ்டம் அடிக்கடி நின்று போனாலோ அப்டேட் தேவை.

ஓர் உதாரணம். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில் அதிக வோல்டேஜ் காரணமாகச் சிப்பே கெடும் பிரச்னை வந்தது. இதற்கான திருத்தம் 2024 ஆகஸ்டில் தொடங்கி பயாஸ் அப்டேட்டாக வந்தது. கெட்ட சிப்பை இது சரி செய்யாது. நல்ல சிப்பைக் காப்பாற்றும். இத்தகைய பிராசசர் வைத்திருப்பவர்கள் தள்ளிப் போடக் கூடாது.

“உங்கள் பயாஸ் பழையது, இங்கே கிளிக் செய்க” என வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

முதலில் கரண்ட்

2012-ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. அந்த நிலை மாறிவிட்டது. ஆனால் பயாஸ் அப்டேட்டைக் கெடுக்க ஒரு நொடி மின்தடை போதும். சேலம், நாமக்கல் பகுதியில் இருப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

* மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின் நிறுத்தம் செய்வது பற்றி நாளிதழ்களில் துணை மின் நிலையத்தின் பெயருடன் அறிவிப்பு வரும். அதைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.
* சித்திரை, வைகாசி மாதங்களில் மாலையில் காற்றும் இடியுமாகக் கோடை மழை வரும். மேகம் கட்டியிருந்தால் தள்ளிப் போடுங்கள்.
* பள்ளிபாளையம், குமாரபாளையம் போன்ற விசைத்தறி ஊர்களிலும், பம்ப் செட் ஓடும் கிராமங்களிலும் விளக்கு மங்கிப் பிரகாசமாவதைக் கண்டால், அந்த நேரத்தைத் தவிருங்கள்.
* டெஸ்க்டாப் என்றால் யு.பி.எஸ். கட்டாயம். முதல் நாளே எல்லா பைல்களையும் சேவ் செய்து மூடிவிட்டு, சுவரில் உள்ள ஸ்விட்ச்சை அணைத்துப் பாருங்கள். பத்து நிமிடமாவது சிஸ்டம் ஓட வேண்டும். உடனே அணைந்தால் பேட்டரியை மாற்றிய பிறகே அப்டேட்.
* வீட்டு இன்வெர்ட்டரை மட்டும் நம்பினால், அதில் யு.பி.எஸ். மோட் இருக்கிறதா எனப் பாருங்கள். சாதாரண மோடில், கரண்ட் மாறும் அந்தக் கணத்தில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம்.
* லேப்டாப்பில் பேட்டரியை முழுவதும் சார்ஜ் செய்து, சார்ஜரையும் இணைத்தே வைத்திருங்கள்.

மாடலும் வெர்ஷனும்

விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி, கிடைக்கும் பெட்டியில் எம்எஸ்ஐஎன்எஃப்ஓ32 என ஆங்கிலத்தில் இடைவெளியின்றி டைப் செய்து என்டர் தட்டுங்கள். சிஸ்டம் மாடல், பேஸ்போர்டு பிராடக்ட், பயாஸ் வெர்ஷன் ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். சில மதர்போர்டுகளில் ஒரே மாடலுக்கே ரிவிஷன் எண் மாறும். அது போர்டின் மீதே அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் மாடலுக்கும் ரிவிஷனுக்கும் உரிய பைலைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் டவுண்லோட் செய்யுங்கள்.

48 இலக்கச் சாவி

புதிய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலருக்குத் தெரியாத விஷயம் இது. விண்டோஸ் 11 உள்ள பல கம்ப்யூட்டர்களில், மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டுடன் நுழைந்தவுடன் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. பயாஸ் மாறியதும் விண்டோஸ் சந்தேகப்பட்டு 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கலாம். அது இல்லை என்றால், கல்யாணப் போட்டோவும் கடைக் கணக்கும் உள்ளேயே இருந்தும் எடுக்க முடியாது. எனவே மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் பக்கத்தில் உங்கள் கீயைத் தேடி, முதலிலேயே தாளில் எழுதி வையுங்கள். முக்கிய பைல்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி செய்யவும் மறக்காதீர்கள்.

அப்டேட் செய்யும் முறை

லேப்டாப்பில் பொதுவாக நிறுவனம் தரும் பைலை விண்டோஸிலேயே இயக்கலாம். டெஸ்க்டாப்பில், பைலை அன்ஜிப் செய்து, பேட்32 முறையில் பார்மட் செய்த பென் டிரைவில் போடுங்கள். ரீஸ்டார்ட் செய்து டெலீட் அல்லது எப்2 கீயைத் தட்டி பயாஸுக்குள் செல்லுங்கள். அசூஸில் இ.இசட். பிளாஷ், ஜிகாபைட்டில் க்யூ பிளாஷ், எம்.எஸ்.ஐ.யில் எம் பிளாஷ் என்ற வசதி இருக்கும். அதில் பைலைத் தேர்ந்தெடுத்து உறுதி செய்யுங்கள்.

இனி எதையும் தொடாதீர்கள். சில நிமிடங்கள் ஆகும். திரை கருப்பாகலாம், பேன் வேகமாகச் சுற்றலாம், தானாகவே இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் ஆகலாம். ஹேங் ஆகிவிட்டது என நினைத்து பவர் பட்டனை அழுத்துவதும் கரண்ட் போவதும் ஒன்றுதான். முடிந்த பின் வெர்ஷனைச் சரி பாருங்கள். தேதி, பூட் ஆர்டர் போன்ற செட்டிங்குகள் மாறியிருந்தால் மீண்டும் அமைத்திடுங்கள்.

திரை வராவிட்டால்

அப்படியும் கெட்டுவிட்டால் பதற வேண்டாம். பல புதிய மதர்போர்டுகளில் பிராசசர் உதவியின்றியே பென் டிரைவிலிருந்து பயாஸை எழுதும் பட்டன் பின்புறம் உள்ளது. சில லேப்டாப்களிலும் ரெகவரி வசதி உண்டு. எதுவும் இல்லாவிட்டால், சிப் புரோகிராமர் கருவி வைத்திருக்கும் சர்வீஸ் சென்டரில் சிப்பை மீண்டும் எழுதித் தருவார்கள். மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று சொன்னால், சிப்பை எழுதிப் பார்த்தார்களா என முதலில் கேளுங்கள். வாரண்டி இருந்தால் வெளியில் கொடுக்காமல் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கே கொண்டு செல்லுங்கள்.