நாளையை நோக்கும் மனம்

பல்கலைக்கழக வாழ்க்கையில் மகிழ்ச்சியோடு கவலைகளும் உண்டு. பெற்றோரைப் பிரிந்து வாழ்தல், கல்விக் கடன், பட்டம் பெற்றபின் வேலை கிடைக்குமா எனும் ஐயம் ஆகியவை மாணவர்களின் மனத்தை வாட்டுகின்றன. ஒரே வகைச் சிக்கலை எதிர்கொள்ளும் இருவருள் ஒருவர் தளர்ந்துபோகிறார். மற்றவர் தொடர்ந்து முயல்கிறார். எதிர்காலத்தை அவர்கள் நோக்கும் விதமும் இவ்வேறுபாட்டிற்கு ஒரு காரணமாகும்.

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் சார்ல்ஸ் ஸ்னைடரும் அவர்தம் குழுவினரும் 1991-ஆம் ஆண்டில் நம்பிக்கையை அளக்கும் அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். தெளிவான இலக்கு, அதனை அடையும் வழிகளைக் கண்டறியும் திறன், அவ்வழியில் செல்லும் மனவுறுதி ஆகிய மூன்றும் இணைந்ததே நம்பிக்கை என்பது அவர்கள் கருத்து. இத்தகைய நம்பிக்கை மிக்கவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் பொதுவாகக் குறைவாகவே காணப்படுகின்றன. ஒரு வழி அடைபட்டாலும் மறுவழி உண்டு என அவர்கள் அறிந்திருப்பதே இதற்குக் காரணம்.

ஆயினும், இனிய கனவு காண்பது மட்டுமே நம்பிக்கை ஆகிவிடாது. பட்டம் பெறவிருந்த ஜெர்மானிய மாணவர்களை உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கன் ஆராய்ந்தார். நல்ல வேலையில் இருப்பதாக அடிக்கடி கற்பனை செய்து மகிழ்ந்தவர்கள், ஈராண்டுகளுக்குப் பின் குறைவான விண்ணப்பங்களையே அனுப்பியிருந்தனர். குறைந்த சம்பளமே பெற்றனர். வெற்றியைக் கற்பனையிலேயே சுவைத்துவிட்டால், உழைக்கும் வேகம் தணிந்துவிடுகிறது.

எனவே, இலக்கோடு தடையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மருந்தியல் பயில விரும்பும் மாணவர் ஒருவர் வேதியியலில் பின்தங்கியிருக்கலாம். அவர் அப்பாடத்திற்கென வாரந்தோறும் நேரம் ஒதுக்குவது ஒரு வழி. மெட்ரிகுலேஷனில் இடம் கிடைக்காவிட்டால் படிவம் ஆறில் சேரலாம் என முன்கூட்டியே அறிந்துகொள்வது மற்றொரு வழி. இவ்வாறு திட்டமிடும்போது, தேர்வு முடிவு குறித்த அச்சம் தணிகிறது.

மனம் மிகவும் சோர்ந்திருக்கும்போது, வழிகள் இருந்தும் அவை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அது சோம்பலும் அன்று, குணக்குறையும் அன்று. அந்நேரத்தில் பெற்றோரிடமோ ஆலோசக ஆசிரியரிடமோ மனம்விட்டுப் பேசுவது நன்று. நமக்குப் புலப்படாத வழியை மற்றவர் காட்டக்கூடும். உதவி கேட்பதும் வழிதேடும் திறனின் ஒரு பகுதியே.