எதிர்த்து வரும் அலையே கப்பலைத் தள்ளினால்?

ஒரு படகில் பாய் விரிக்கவில்லை, எஞ்சின் ஓடவில்லை. ஆனாலும் அது முன்னேறிக்கொண்டே இருக்கிறது. 2008 மார்ச்சில் ஹொனலுலுவிலிருந்து தன்னந்தனியாகக் கிளம்பிய ஜப்பானியக் கடலோடி கெனிச்சி ஹோரியே, ஜூலையில் இப்படியொரு படகிலேயே தாய்நாட்டுக் கரையோரம் வந்து சேர்ந்தார். தூரம் ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர். அப்போது அவருக்கு வயது 69.

தள்ளியது அலைதான். படகின் முன்முனையில், மீனவர்கள் அணியம் என்கிறார்களே, அங்கே நீருக்கடியில் இரண்டு கிடைமட்டச் சிறகுகள் இருந்தன. டோக்காய் பல்கலைக்கழகத்தின் யூட்டாகா தெராவோ வடிவமைத்தவை.

அலை வந்தால் அணியம் எழும். அலை கடந்தால் தாழும். கூடவே சிறகும் ஏறி இறங்கும். படகு முன்னே நகர்ந்துகொண்டே இருப்பதால், சிறகு ஏறும்போது தண்ணீர் அதன்மேல் முன்னிருந்தும் மேலிருந்துமாகச் சாய்ந்து வந்து படுகிறது. இறங்கும்போது முன்னிருந்தும் கீழிருந்துமாக. சிறகில் பிறக்கும் தூக்குவிசை எப்போதும் நீரோட்டத்துக்குச் செங்குத்தாக நிற்கும். நீர் சாய்ந்து வருவதால் அந்த விசையும் முன்பக்கம் சாய்கிறது. ஆக, ஏறினாலும் உந்தல், இறங்கினாலும் உந்தல். அலை எதிரே வந்தாலும் இதில் மாற்றமில்லை! இந்த நுட்பத்தின் அழகே அதுதான்.

யோசனை பழையது. 1890களிலேயே இத்தாலியின் நேப்பிள்ஸில் ஹெர்மன் லிண்டன் என்பவர், வளையும் தகடுகள் பொருத்திய சிறு படகை அலைக்கு எதிராக ஓட்டிக் காட்டினார். ஆளில்லா மிதவைகளும் இப்போது இப்படிப் போகின்றன. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து விடப்பட்ட 'பாப்பா மாவ்', ஓராண்டுக்கு மேல் பசிபிக்கில் மிதந்து, 2012 நவம்பரில் ஆஸ்திரேலியாவை எட்டியது.

வேகம்? ஹோரியேவின் படகு சராசரியாக மணிக்கு மூன்று கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை. மனிதர் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. சரக்கையும் பயணிகளையும் நேரத்துக்குச் சேர்க்க வேண்டிய கப்பல் இதை மட்டும் நம்ப முடியாது. எஞ்சினுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். அப்போது இன்னொரு லாபமும் கிடைக்கிறது. குத்திக் குத்தி எழும் கப்பல், அந்த ஆட்டத்திலேயே தன் வேகத்தை இழக்கிறது. சிறகு ஆட்டத்தை அடக்குவதால் எரிபொருளும் மிச்சம், பயணிகளுக்குக் குமட்டலும் குறைவு.

தொல்லை கொடுப்பது அமைதியான கடல். அலையில்லாத நாளில் சிறகு வெறும் சுமை. தண்ணீரை இழுத்துக்கொண்டு கப்பலைத் தாமதப்படுத்தும். நார்வேயின் ட்ரோன்ட்ஹைமில் உள்ள வேவ்ஃபாயில் நிறுவனம் கண்ட தீர்வு எளிமையானது: தேவையில்லாதபோது சிறகை அணியத்துக்குள் மடக்கி இழுத்துக்கொள்வது. ஃபாரோ தீவுகளில் ஓடிய 45 மீட்டர் பயணிகள் கப்பலான 'டைஸ்டின்', 2019இல் இந்தச் சிறகுகளைப் பெற்றது. பரிசோதனைத் தொட்டியை விட்டு, பயணிகளை ஏற்றி இறக்கும் கப்பலுக்கு இந்த நுட்பம் வந்ததைப் பெரிய முன்னேற்றமென்றே சொல்ல வேண்டும்.

நானூறு மீட்டர் நீளச் சரக்குக் கப்பலுக்கு இது அவ்வளவாக உதவாது. பெரும்பாலான அலைகள் அதன் நீளத்துக்கு முன் சிறியவை. அணியம் போதுமான அளவு எழுவதில்லை. மீன்பிடிக் கப்பல்கள், தீவுகளுக்கிடையே ஓடும் ஃபெர்ரிகள், எண்ணெய்க் கிணறுகளுக்குப் பொருள் கொண்டுபோகும் கப்பல்கள் ஆகியவைதான் கரடுமுரடான கடலில் நன்றாக ஆடுகின்றன. சிறகுக்கு வேலை அங்கேதான்.