மண் சுவரும் கதிரவன் கூரையும்

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதை ஏறி, ஆசனூரைக் கடந்து சென்றால் வரும் ஊர் சாமராஜநகர். 1997-ஆம் ஆண்டில் மைசூரினின்று பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. அம்மாவட்டத்துப் பிலிகிரிரங்கன் மலையிலே மூங்கில் தட்டிமீது மண் அப்பி வீடு கட்டுவது சோலிகரின் பழைய வழக்கம். சமவெளியிலும், குடும்பத்தார் தாமே சேறு மிதித்து எழுப்பிய சுவரும் அதன்மேல் ஓடு வேய்ந்த கூரையுமாகச் சிறு வீடுகள் உண்டு. இத்தகைய வீட்டின்மேல் வெயிலை மின்சாரமாக்கும் பலகைகளை ஏற்றலாமா?

காலத்துக்கேற்ற கேள்விதான். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின்படி, மின்னிணைப்பு உள்ள வீட்டுக்கு 1 கிலோவாட் பலகைக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும் மானியம் கிடைக்கிறது. நல்ல வெயில் நாளில் 1 கிலோவாட் பலகை ஏறத்தாழ 4 யூனிட் தரும். விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி எல்லாம் ஓடியபின்னும் மிச்சம் இருக்கும்.

“பாரம் தாங்காமல் சுவர் இடிந்துவிடாதா?” என்பதே பலரும் முதலில் கேட்பது. நல்ல சுவர் இடியாது. மங்களூர் ஓட்டின் எடை சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்கு மேல். பலகையின் எடையோ 11 கிலோ அளவே. ஓட்டைப் பிரித்துவிட்டுப் பலகையையே கூரையாக்கினால் சுவரின் சுமை குறையத்தான் செய்யும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தொடங்கிய அஸ்திரா குழுவினர், மண்ணோடு சிறிது சிமெண்டு கலந்து அழுத்திய கற்களைப் பரப்பினர். அக்கற்களால் மாடி வீடுகளே எழுந்துள்ளன. மண் பாரத்துக்கு அஞ்சுவதில்லை.

அது அஞ்சுவது இழுப்புக்கு. சாமராஜநகரில் ஏப்ரல், மே மாதங்களில் இடிமழைக்கு முன் வரும் சூறைக்காற்று வாழைத் தோட்டங்களைச் சாய்த்துவிட்டுப் போவதை அவ்வூர் உழவர் நன்கறிவர். கட்டடத் தரவிதிகள் இப்பகுதிக்கு வினாடிக்கு 33 மீட்டர் வேகக் காற்றைக் கணக்கில் கொள்கின்றன. அவ்வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 65 கிலோ. கூரையைத் தழுவிச் செல்லும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. தாழ்வாரத்தின் அடியில் புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளுகிறது. 11 கிலோப் பலகை எம்மாத்திரம்! ஓடு தன் கனத்தால் நிற்கும். இடுக்குகள் வழியே காற்றும் ஓரளவு தப்பிவிடும். இடைவெளியற்ற பலகைக் கூரையோ பாய்மரம் போன்றது. அதனை மண் சுவரின் தலையில் ஆணியடித்து நிறுத்தினால், ஆணி மண்ணோடு பெயர்ந்து வந்துவிடும்.

ஆகவே புதிதாகக் கட்டுவோர் அடித்தளத்திலேயே இரும்புக் கம்பிகளைப் பதித்து, சுவரினூடே மேலே கொண்டுவந்து, சுவர்த்தலையைச் சுற்றிவரும் கான்கிரீட் பட்டையோடு பிணைக்க வேண்டும். கூரைச் சட்டம் அப்பட்டையில் முடுக்கப்பட்டால், காற்று கூரையைத் தூக்க முயலும்போது சுவரின் கனம் முழுவதும் அதைக் கீழே பிடித்துக்கொள்ளும்.

மழை அடுத்த பகை. வழவழப்பான பலகையில் நீர் விரைந்தோடித் தரையில் விழுந்து சுவரின் அடியில் தெறிக்கும். கூரை இரண்டடியேனும் வெளியே நீண்டிருப்பதும், அடிச்சுவர் ஒன்றரை அடி உயரத்துக்குக் கல்லாய் இருப்பதும் நலம். பலகைகளின் பொருத்துவாய் ஒழுகினால் சுவர் உள்ளிருந்தே கரையும். அதனால்தான், தகரமோ ஓடோ கூரையாகக் கிடக்க, அதற்குமேல் அரையடி இடைவெளி விட்டுப் பலகையைப் பொருத்துவதையே நான் விரும்புகிறேன். பலகை சூடேறினால் மின்சாரம் குறையும். இடைவெளியில் காற்றோடினால் பலகையும் குளிரும், அறையும் குளிரும். இம்முறையிலும் சட்டத்தின் கால்கள் ஓட்டின்மேல் நில்லாமல், அதே கான்கிரீட் பட்டையில்தான் முடுக்கப்பட வேண்டும்.

பட்டையே இல்லாத பழைய சுவராயின் கூரையை விட்டுவிடலாம். முற்றத்தில் கான்கிரீட் அடி இட்ட இரும்புக் கால்களை நட்டு, தெற்கு நோக்கிச் சுமார் 12 பாகை சாய்வில் பலகைகளை நிறுத்தலாம். செலவு சற்றுக் கூடும். தென்னை நிழல் படாத இடமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்; ஒரு மட்டையின் நிழலே விளைச்சலை வெகுவாகக் குறைத்துவிடும்.