143 பேர் தந்த சாட்சி

1945 ஏப்ரல் 12. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், பின்மண்டை வலிக்கிறது என்று சொன்னவர் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தார். மருத்துவர் பிரஷர் பார்த்தபோது 300/190-ஐத் தாண்டியிருந்தது. சில மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. ஒரு வல்லரசின் அதிபருக்கே அன்று கொடுக்க உருப்படியான பிரஷர் மருந்து இல்லை. பிரஷரைக் குறைத்தால்தான் ஆபத்து என்று நம்பிய மருத்துவர்களும் இருந்த காலம் அது.

அந்த நம்பிக்கையை உடைத்தவர் எட்வர்ட் ஃப்ரைஸ். முன்னாள் படைவீரர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவமனைகளில் அவர் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. பிரஷரின் கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள். 73 பேருக்கு மருந்து, 70 பேருக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை.

அதற்கு முன் ஒரு சோதனை வைத்தார்கள். கொடுக்கிற மாத்திரையை இவர் விழுங்குகிறாரா, தூக்கி எறிகிறாரா? ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமின் கலந்த வெற்று மாத்திரையைக் கொடுத்துவிட்டு, சிறுநீரைப் புற ஊதா விளக்கில் பார்த்தார்கள். ஒளிர்ந்தால் விழுங்கியிருக்கிறார். ஒளிராதவருக்கு ஆய்வில் இடமில்லை. மருந்தை எடை போடுவதற்கு முன் மனித சுபாவத்தை எடை போட்ட இந்த இடம்தான் என்னை மிகவும் கவர்ந்தது.

1967-இல் முடிவு வெளியானது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்குக் கடுமையான பாதிப்பு, 4 பேர் மரணம். மருந்து சாப்பிட்டவர்களில் பாதிப்பு இரண்டே பேருக்கு, மரணம் ஒன்றுகூட இல்லை. அந்த 70 பேரை நினைத்தால் மனம் கனக்கிறது. இன்று நாம் விழுங்கும் ஒவ்வொரு பிரஷர் மாத்திரையிலும் அவர்களுடைய பங்கு இருக்கிறது.

அன்று கொடுத்த மருந்துகளில் ஒன்றான ரெசர்பின், நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுத்தது. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949-இல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் எழுதிய பிறகுதான் மேலைநாடுகள் அந்த வேரை உற்றுப் பார்த்தன. இன்னொரு மருந்து ஹைட்ரோகுளோரோதயசைடு. பிரஷர் மாத்திரை அட்டையில் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று இருந்தால், பெரும்பாலும் அதைத்தான் குறிக்கும்.

தலைசுற்றல் இல்லை, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.