இளம் ஆட்டக்காரரை விட்டுக்கொடுக்கலாமா? கெடா காற்பந்து: சந்தேகங்களும் விளக்கங்களும்

லூனாஸ், பாடாங் செராய், கூலிம் வட்டாரத்தில் காற்பந்துப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கெடா அணியின் நிலையில்தான் வந்து நிற்கிறது. 2006-07, 2007-08 என்று தொடர்ந்து இரண்டு பருவங்களில் சூப்பர் லீக், எப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் அள்ளிய அணி அது. அதே அணி 2025-26 சூப்பர் லீக்கில் ஆட உரிமம் கிடைக்காமல் வெளியே நின்றது. “நல்ல பையன்களை ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள், அதனால் வந்த வினை” என்பது பலரின் ஆதங்கம். அதையொட்டி எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

இளம் ஆட்டக்காரர் அக்யார் ரஷிட்டை ஜோகூருக்குப் போகவிட்டதுதான் கெடா செய்த தவறா?

இல்லை. 2018 இறுதியில் அவர் ஜோகூர் டாருல் தாக்சிம் (ஜேடிதி) அணிக்குப் போனபோது வயது 19. ஒப்பந்தம் தொடர்பாகக் கெடாவுக்கும் அவருக்கும் இடையே எழுந்த தகராறு நாடறிந்தது. ஆனால் அதன்பின் நடந்ததையும் பார்க்க வேண்டும். மறு ஆண்டே, 2019இல், கெடா எப்.ஏ. கிண்ணத்தை வென்றது. 2020இலும் 2021இலும் லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தது. ஒரு பையன் போனதால் மாநில அணி கவிழ்ந்துவிடவில்லை. 2014 முதல் லீக் பட்டத்தைக் கைவிடாத அணியில் ஆட 19 வயதில் ஆசைப்படுவதும் துரோகம் ஆகாது. அப்படிப் பேசுவதை நம்மவர்கள் விட்டுவிட வேண்டும்.

அமெரிக்காவில் ஓர் இளம் நட்சத்திரத்தைக் கொடுத்துவிட்டு, பதிலுக்குப் பல புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வாங்குகிறார்களே, அது இங்கே நடக்குமா?

அதே வடிவில் நடக்காது. அவர்களுடைய அமெரிக்கக் காற்பந்து வேறு ஆட்டம், அமைப்பும் வேறு. அங்கே 32 அணிகள், பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை ஆண்டுதோறும் ஏழு சுற்றுகளில் வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன. கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. அந்த வாய்ப்பையே அணிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளலாம். 2009இல் டென்வர் அணி, ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்தில் இருந்த ஜே கட்லரை 25 வயதில் சிகாகோவுக்குக் கொடுத்தது. பதிலுக்கு இரண்டு முதல் சுற்று வாய்ப்புகள், ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பு, இன்னொரு குவார்ட்டர்பேக் ஆகியவற்றை வாங்கியது. அந்த வாய்ப்புகளால் டென்வருக்குப் பெரிய யோகம் அடிக்கவில்லை. அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன், 1989இல், டல்லாஸ் அணி ஹெர்ஷல் வாக்கர் என்ற ஓட்டக்காரரைக் கொடுத்து வாங்கிய வாய்ப்புகளைக் கொண்டு எம்மிட் ஸ்மித் போன்றவர்களைச் சேர்த்தது. 90களில் மூன்று முறை வாகை சூடியது. இரண்டு அணிகளும் செய்தது ஒரே வகை பேரம். வாங்கியதை வைத்து யாரைத் தேடினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

மலேசியாவில் அப்படிப்பட்ட தேர்வு வரிசை கிடையாது. இங்கே ஓர் இளம் ஆட்டக்காரரைக் கொடுக்கும் அணிக்குக் கிடைக்கக்கூடியது மாற்றுத் தொகை. சாமர்த்தியமாகப் பேசினால், அந்தப் பையன் பின்னாளில் மறுபடி விற்கப்படும்போது ஒரு பங்கு தரவேண்டும் என்ற நிபந்தனையையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கலாம். அந்தப் பணம் இளையோர் அணிக்குப் போனால், அதுவே நமக்குப் பல புதியவர்கள்.

அப்படியானால் கெடா விற்றே பிழைத்திருக்கலாமே?

விற்பதற்குக் கையில் சரக்கு இருக்க வேண்டுமே! இதுதான் விஷயத்தின் முடிச்சு. ஓர் ஆட்டக்காரருக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், அவர் கிளப்புக்கு எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் தரலாம். அதற்குள்ளும் பணம் வராவிட்டால், தக்க காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம். 2018இல் ஃபிஃபா தன் விதிகளில் சேர்த்த பிரிவு இது. புதிய கிளப் பழைய கிளப்புக்கு ஒரு காசும் தர வேண்டியதில்லை. ஆக, லட்சங்கள் பெறுமதியுள்ள பையன் மூன்றாவது மாதத்தில் சும்மாவே போய்விடுவான். கெடாவை உரிமம் இழக்கும் வரை கொண்டுபோனதும் சம்பளப் பாக்கிதான். யாரை விற்றார்கள் என்று கேட்கும் கோபத்தோடு, சம்பளம் ஏன் போடவில்லை என்றும் கேட்டிருக்க வேண்டும். வீட்டு வாடகை, கார் தவணை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு என்று எல்லாம் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருக்கின்றன. பாக்கி வைத்துவிட்டு மாநிலப் பற்றைப் பேசுவது நியாயமே இல்லை.

எங்கள் தோட்டத் திடலில் ஆடிப் பழகிய பையன் பெரிய ஆளானால், எங்கள் சின்ன கிளப்புக்கு ஏதாவது வருமா?

வரும், ஆனால் எல்லா நேரத்திலும் அல்ல. ஒரு நாட்டுக் கிளப்பிலிருந்து ஓர் ஆட்டக்காரரை இன்னொரு நாட்டுக் கிளப் ஒப்பந்தக் காலத்தில் விலை கொடுத்து வாங்கினால், அந்த விலையில் 5 விழுக்காட்டை அவரை வளர்த்த கிளப்புகள் பகிர்ந்துகொள்ள வேண்டும். 12 முதல் 15 வயது வரையிலான ஒவ்வோர் ஆண்டுக்கும் கால் விழுக்காடு, 16 முதல் 23 வரை ஆண்டுக்கு அரை விழுக்காடு. லூனாஸ் கிளப் ஒன்றில் 12 முதல் 15 வரை ஆடிய பையனைத் தாய்லாந்துக் கிளப் 10 லட்சம் ரிங்கிட்டுக்கு வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். லூனாஸுக்கு 10,000 ரிங்கிட். திடலுக்கு வலை, பந்து, காலணி, வேன் வாடகை என்று ஒரு வருஷத்தை ஓட்ட நல்ல துணை. ஆனால் கெடாவிலிருந்து ஜோகூருக்குப் போவது உள்நாட்டு மாற்றம். அதில் இந்தப் பங்கு தானாக வராது.

இன்னொன்று, பங்கு கேட்க ஆதாரம் வேண்டும். பையன் எந்தப் பருவத்தில் எந்தக் கிளப்புக்கு ஆடினான் என்பது சங்கத்தின் பதிவில் இருக்க வேண்டும். நம் கிளப்புகள் பல, ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குப் பெயர் எழுதிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. பதிவு இல்லையென்றால், பயிற்றுநர் பத்து வருஷம் உழைத்திருந்தாலும் கணக்கில் வராது. மாநிலச் சங்கத்தோடு இணைந்து, பையன்களை முறையாகப் பதிவு செய்யுங்கள். இந்த ஆண்டே செய்யுங்கள்.

என் மகனுக்கு 16 வயது. வேறு மாநில அணி கூப்பிடுகிறது. அனுப்பலாமா?

அனுப்பலாம், காகிதத்தைப் படித்த பிறகு. ஃபிஃபா விதிப்படி 18 வயதுக்குக் குறைந்தவரின் ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. ஐந்து ஆண்டு என்று யாராவது நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். வெளிநாட்டில் இடம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் தரகரை வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள். சில விதிவிலக்குகள் தவிர, 18 வயதுக்கு முன் நாடு விட்டு நாடு மாற அனுமதியில்லை.

அணியிடம் கேட்க வேண்டியவை உண்டு. எஸ்.பி.எம். தேர்வு எழுத எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள்? காலில் அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது? போன ஆண்டு சேர்ந்த பையன்களில் எத்தனை பேர் திடலில் இறங்கினார்கள்? முதல் அணி ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளம் தவறாமல் வருகிறதா? கடைசிக் கேள்விக்கு நிர்வாகியிடம் விடை தேடாமல், அங்கே ஆடும் ஒருவரின் பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள்.