மண் பரிசோதனையும் மக்குப் பொருளும்

மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து தெற்கே ஆரோவில் வரை செல்வோர் இருவகை நிலங்களைக் காண்பர். கரையோரத்தில் உவர் மண்; மேட்டில் செம்மண். 1968-ஆம் ஆண்டில் ஆரோவில் நிறுவப்பட்டபோது, அம்மேடு மழைநீர் அரித்த பொட்டலாகவே இருந்தது. வரப்புகள் கட்டி, மரங்கள் நட்ட பின்னர் உதிர்ந்த சருகு மக்கி, மண் உயிர் பெற்றது. மண்ணைக் காக்கும் இம்மக்குப் பொருளைப் பரிசோதனைச் சாலையில் முதற்கண் அழித்து விடுகின்றனர். இது ஏன் என்று அங்கத்தினர்கள் வினவக்கூடும்.

மணல், வண்டல், களி ஆகியவற்றின் பங்கை அறிய, மண்ணை நீரில் கலக்கி, துகள்கள் படியும் வேகத்தை அளக்கின்றனர். களித் துகள் 0.002 மி.மீ.க்கும் சிறியது, மெதுவாகவே படியும். மக்குப் பொருளோ பசைபோல் நின்று, களித் துகள்களைக் கட்டிகளாக்கும். கட்டிகள் விரைந்து படிவதால், களி குறைந்தும் மணலும் வண்டலும் மிகுந்தும் கணக்கு வரும். அதை நம்பி நீர்ப்பாய்ச்சும் முறையை வகுத்தால் நஷ்டம் நம்முடையதே.

பசையை நீக்க உதவுவது ஹைட்ரஜன் பெராக்ஸைடு. நூலை வெளுக்கப் பயன்படுவதால் நெசவாளர்க்கு இது புதிதன்று. சலித்த மண்ணில் இதனை ஊற்றிச் சூடாக்கினால் நுரை பொங்கும். மக்குப் பொருள் பெரும்பாலும் கரியமில வாயுவாகவும் நீராகவும் பிரியும். நுரை அடங்கும்வரை மீண்டும் ஊற்றுவர். ஆயினும் செம்மண்ணைப் பிணைக்கும் இரும்பு ஆக்ஸைடு இதனால் நீங்காது. மாங்கனீஸ் மிகுந்த மண்ணில் மருந்தே வீணாகச் சிதையும். உவர் மண்ணிலோ, உப்பு களியைத் திரளச் செய்யுமாதலால், அதனையும் கழுவி அகற்ற வேண்டும்.

மக்குச் சத்தை அளப்பதற்கு, பெராக்ஸைடு படாத வேறொரு பகுதி மண் வேண்டும். அங்ககக் கரி 0.5 சதவீதத்திற்குக் கீழ் இருப்பின் குறைவு, 0.75-க்கு மேல் இருப்பின் மிகுதி. டைகுரோமேட் முறையில் அளக்கும்போது, உப்பிலுள்ள குளோரைடு இக்கணக்கைப் பொய்யாக உயர்த்தும். ஆகவே கடலோர உழவர்கள் தம் மண் உவர் மண் என்பதைச் சீட்டில் தவறாது குறிப்பிடுக.

எருக்குவியல், வரப்பு, மரநிழல் ஆகிய இடங்களைத் தவிர்த்து, வயலின் பல இடங்களில் 15 செ.மீ. ஆழம்வரை மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோ அனுப்புதல் நலம்.

மக்குப் பொருளை நீக்குவது பரிசோதனைக் குவளையோடு நிற்கட்டும். வயலில் சருகைக் கொளுத்தாது, தொழு உரமும் தழை உரமும் இட்டு அதனைப் பெருக்குவதே உழவர் கடமை.