உலோக எலும்பு வரும் வரையில்

வளரும் பிள்ளைகளின் முழங்காலருகே எலும்பில் புற்று கண்டால், காலையே வாங்கிவிடுவதுதான் முன்னாளைய வைத்தியம். அப்படியும் ஐவரில் ஒருவர் பிழைப்பதே அரிது. நோய் கண்ணுக்குப் புலப்படாமல் முன்பே நுரையீரலை எட்டியிருக்கும்.

1970-களில் நியூயார்க் மெமோரியல் ஆஸ்பத்திரியில், காலை வெட்டாமல் எலும்பை மட்டும் நீக்கி, உலோக எலும்பு பொருத்த முனைந்தனர். அதை அவரவர் அளவுக்குச் செய்து முடிக்க மாதக்கணக்காயிற்று. அதுவரை சும்மா இருப்பதா? டாக்டர் ஜெரால்டு ரோஸன் மெத்தோட்ரெக்ஸேட் முதலிய மருந்துகளைச் செலுத்தலானார். காத்திருந்த காலமே சிகிச்சையாயிற்று என்பது நமக்கு வியப்பாயிருக்கிறது!

பிறகு, அறுத்தெடுத்த எலும்பைப் பூதக்கண்ணாடியில் சோதித்தார்கள். நூற்றுக்கு 90 பங்கு புற்றணுக்கள் மடிந்திருந்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகமென்று கண்டார்கள். மடியாவிடில் மருந்தை மாற்றலாகாதா என்று நேயர்கள் கேட்கலாம். மாற்றியும் பார்த்தார்கள், பலன் கூடவில்லை. ஆயினும், நுரையீரலில் நோய் தென்படுமுன் சிகிச்சைக்கு வந்தவர்களில் பத்துக்கு ஆறேழு பேர் இன்று பிழைக்கிறார்கள். மிகப் பலருக்குக் காலும் மிஞ்சுகிறது.